மறதிக்கார கார்டு

ஒரு வாரமாக எங்கள் ஆபீஸில் எல்லாமே பச்சையாக இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

பச்சை என்றால் சோதனை பாஸ், சிவப்பு என்றால் ஃபெயில். நாங்கள் செய்யும் மென்பொருளுக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு சோதனையும் சுவரில் மாட்டிய பெரிய திரையில் ஒரு சின்னக் கட்டமாகத் தெரியும். கடைசி வரிசைக் கட்டங்கள் என்னுடையவை. அதில் ஒன்றாவது எப்போதும் சிவந்திருக்கும். ஆபீஸில் என்னை மிளகாய் என்று கூப்பிடுவதற்கு என் வாய் மட்டும் காரணமில்லை.

எங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று அம்மாவுக்கு நான் இப்படி விளக்கியிருக்கிறேன். ஒரு வகைக் கம்ப்யூட்டருக்காக எழுதின புரோகிராமை வேறு வகைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கிறோம். அந்தப் புரோகிராம் வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாதிரி. தன் அம்மா எந்த டம்ளரில் தண்ணீர் கொடுத்தாளோ அதே டம்ளரில்தான் இங்கேயும் வரவேண்டும் என்று உட்கார்ந்திருக்கும். கேட்டது கேட்டபடி கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யும். கொஞ்சம் மாறினாலும் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். அது தன் சொந்த வீட்டில்தான் இருக்கிறது என்று கடைசிவரை நம்ப வைப்பதுதான் எங்கள் பிழைப்பு.

“அப்ப ஏமாத்துற வேலைன்னு சொல்லு,” என்றாள் அம்மா.

“மரியாதையா ஏமாத்துற வேலை.”

அந்த ஏமாற்று எங்கே பல்லிளிக்கிறது என்று தேடுவது என் வேலை. அதிலும் எனக்குக் கொடுத்திருப்பது யாரும் தொட விரும்பாத ஒரு மூலை: ஃபைல்களின் எண்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் தவிர ஓர் எண்ணும் உண்டு. பெயரை மாற்றலாம், ஒரே ஃபைலை இரண்டு பெயரால் கூப்பிடலாம், ஆனால் எண் மாறக்கூடாது. இதுவும் அதுவும் ஒரே ஃபைல்தானா என்று புரோகிராம்கள் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்யும். நல்ல டிஸ்க் எண்ணைத் தன்மேல் எழுதியே வைத்திருக்கும். எப்போது கேட்டாலும் ஒரே பதில். ஆனால் உலகத்தில் நல்ல டிஸ்க் மட்டுமா இருக்கிறது? பழைய கேமரா கார்டு இருக்கிறது, எம்பிராய்டரி மெஷினில் செருகும் கார்டு இருக்கிறது, யாரோ எங்கேயோ வைத்திருப்பதை இங்கேயே இருப்பதுபோல் காட்டும் நெட்வொர்க் டிரைவ் இருக்கிறது. இதில் சிலதுக்கு எண் என்ற ஒன்றே கிடையாது. கேட்டால், கார்டு சார்பில் கம்ப்யூட்டர் வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிடும். கொஞ்ச நேரம் அதை ஞாபகம் வைத்திருக்கும். வேலை குவிந்தால் மறந்துவிடும். மறுபடி கேட்டால் கூசாமல் வேறொன்று.

அதை நான் திட்டவும் முடியாது. வீட்டில் என் கதையும் அதுதான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். ஃப்ரிட்ஜ் ஏன் உறுமுகிறது, வாடகைப் பத்திரத்தில் இந்த வரிக்கு என்ன அர்த்தம், மாமாவின் கையில் வந்திருப்பது தேமலா வேறு ஏதாவதா, எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். “படிச்சவதானே, சொல்லு.” நான் படித்தது கம்ப்யூட்டர். தெரியாது என்று சொன்னால் காலேஜுக்கு அனுப்பியது வீண் என்று முகம் வாடிவிடும். அதனால் ஏதாவது சொல்வேன். அடுத்த வாரம் கேட்டால் வேறு ஏதாவது சொல்வேன். “போன தடவை வேற மாதிரி சொன்னியே?” என்று அப்பா சந்தேகமாகப் பார்ப்பார். “இப்ப புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க” என்று சமாளிப்பேன்.

சரி, பச்சைக்கு வருகிறேன். எம்பிராய்டரி கார்டுக்கு நான் எழுதிய சோதனை ஒரு நாள் பாஸாகும், மறுநாள் ஃபெயிலாகும். அதுதான் அதன் குணம். ஒரு வாரம் தொடர்ந்து நல்ல பிள்ளையாக இருந்தால் அதன் பின்னால் யாரோ இருக்கிறார்கள். யார் என்று யோசிக்கத் தேவையில்லை. நேரே அப்புறத்தின் மேஜைக்குப் போனேன்.

அப்புறம் என்பது எங்கள் சீனியர் புரோகிராமரின் பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்பார். கெட்ட மனிதரில்லை. கெட்டிக்காரர்தான். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

“சார், என் கார்டு சோதனை எப்படி சார் பாஸாகுது?”

“நல்லாத்தான் பாஸாகுது.”

“அது பாஸாகாது சார். அதோட லட்சணம் எனக்குத் தெரியும்.”

அவர் நாற்காலியைத் திருப்பாமலே சொன்னார். “நேத்து சிவப்பு, இன்னைக்குப் பச்சைன்னு ஆடிக்கிட்டே இருந்தா எப்படிம்மா? சின்னதா ஒண்ணு பண்ணேன். ஃபெயிலானா மறுபடி தானா ஓட்டும். மூணு தடவையில ஒரு தடவை பாஸானா பாஸ்.”

“எங்க ஸ்கூல்ல இந்தச் சலுகை இருந்திருந்தா எங்க அண்ணனும் பட்டதாரி சார்.”

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் இப்போது திரும்பினார். “கோபப்படாத. சாயங்காலம் ரிலீஸ். முடியட்டும், அப்புறம்...”

“பாத்துக்கலாம். சரி சார்.”

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். நல்ல கோபம். கோபம் வந்தால் சிலர் டீ குடிப்பார்கள், நான் சோதனை எழுதுவேன். அது ஏன் சில தடவை பாஸாகிறது? ஞாபகம் இருப்பதால். ஞாபகம் எப்போது போகும் என்று நான் ஏன் காத்திருக்க வேண்டும்? நானே மறக்கடித்தால் என்ன? ஃபைலின் எண்ணைக் கேட்டேன், ஃபைலை மூடினேன். கம்ப்யூட்டர் மூளையில் வைத்திருப்பதையெல்லாம் உதறச் சொன்னேன். மறுபடி எண்ணைக் கேட்டேன்.

வேறு எண். இன்னொரு முறை. மறுபடி வேறு எண். மூன்று தடவை இல்லை, முப்பது தடவை ஓட்டினாலும் இனி பச்சை வராது. சுவரில் என் கட்டம் ரத்தச் சிவப்பாக மாறியதைப் பார்த்தபோது, சொல்லக்கூடாதுதான், மனசு குளிர்ந்தது.

எண் மாறினால் மாறட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் வேண்டும். அந்தக் கார்டை அதிகமாகப் பயன்படுத்தும் பழைய எம்பிராய்டரி டிசைன் புரோகிராமைத் திறந்தேன். கார்டில் ஒரு பூ டிசைன் வைத்து, திறந்து, மறக்கடித்து, சேவ் அழுத்தினேன். புரோகிராம் கேட்டது: நான் படித்த ஃபைலும் இப்போது எழுதப் போகும் ஃபைலும் ஒன்றா? எண் வேறு வேறாக வந்தது. ஓ, அப்படியானால் அது வேறு ஃபைல் என்று முடிவு கட்டி, எழுதப் போகும் ஃபைலைச் சுத்தமாகக் காலி செய்தது. பிறகு பழையதிலிருந்து தையல்களை எடுக்கப் போனது. பழையதும் அதேதானே? பக்கத்து வீடு என்று நினைத்துத் தன் வீட்டுச் சாமான்களையே தெருவில் வீசிவிட்டு, உள்ளே வந்து கட்டில் எங்கே என்று தேடுகிற மாதிரி. பூ போய்விட்டது. ஃபைல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, உள்ளே ஒரு தையல் கூட இல்லை.

அப்போதுதான் அக்கா ஞாபகம் வந்தது. அவளும் இதே புரோகிராமில்தான் படம் போடுகிறாள்.

என் அக்கா ஓர் எம்பிராய்டரி பட்டறையில் பிசிறு நூல் வெட்டுகிறாள். மெஷின் துணியில் படம் தைத்துத் தள்ளும், அக்கா கத்தரியால் நூல் முனைகளை வெட்டுவாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை வெட்டுவாள். அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், அந்த நாற்காலியில் தான் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் டப்பாவைத் திறக்கும்போது இவள் அந்தப் புரோகிராமைத் திறப்பாள். குழந்தைகள் சட்டைக்காக ஒரு நண்டு, ஒரு திமிங்கலம், ஓர் ஆக்டோபஸ், தூங்கும் ஆமை. எல்லாம் ஒரே கார்டில் இருந்தன. பட்டறைக் கம்ப்யூட்டரில் சொந்த ஃபைல் வைக்க அனுமதி இல்லை. அவற்றை முதலாளியிடம் காட்டப் போவது இன்று மதியம். அந்தப் பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோனபோது புதியதில் எங்கள் சோதனைப் பதிப்பைப் போட்டு, பழைய புரோகிராமை ஓட வைத்துக் கொடுத்த புண்ணியவதி நான்தான்.

இதுவரை அக்கா தப்பித்தது அதிர்ஷ்டம். கம்ப்யூட்டர் சும்மா இருந்த நேரத்தில் வேலை செய்திருக்கிறாள், எண் மறந்துபோகவில்லை. இன்று எல்லா டிசைனையும் திறந்து வைப்பாள், மெஷின் சாம்பிள் தைத்துக்கொண்டிருக்கும், முதலாளி அதை மாற்று இதை மாற்று என்பார். இவள் சேவ் அழுத்துவாள்.

போன் செய்தேன். அணைந்திருந்தது. பட்டறையில் வேலை நேரத்தில் எல்லாப் போனும் வாசலில் ஒரு டப்பாவுக்குள் போய்விடும். பட்டறை நம்பருக்கு அடித்தேன். எடுத்தவர் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

“உங்க அக்காவைக் கூப்பிட முடியாதும்மா, வேலை நடக்குது. என்னன்னு சொல்லுங்க, சொல்லிடறேன்.”

“சேவ் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க.”

“எதை?”

“எதையும். கார்டுல எதையும் சேவ் பண்ண வேண்டாம். இல்லன்னா வேற பேர்ல சேவ் பண்ணச் சொல்லுங்க.”

“நீங்கதானே அந்த இன்ஜினியர் தங்கச்சி? எங்க வீட்டு டிவி ரிமோட்...”

“ஐயா, முதல்ல இதைச் சொல்லிடுங்க.”

“சொல்றேன், சொல்றேன்,” என்று வைத்துவிட்டார். அந்தச் ‘சொல்றேன்’ எந்தக் காதுக்கும் போய்ச் சேராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னாலும் அக்கா கேட்க மாட்டாள். கொஞ்சம் வரைந்ததும் சேவ் பண்ணு, கரண்ட் போனால் எல்லாம் போச்சு என்று அவள் தலையில் அடித்துப் பழக்கியவளே நான்தான்.

ஒரே ஒரு வழி மிச்சம். பட்டறையில் சாப்பாட்டு நேரம் முடியும்போது கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைப்பார்கள். மறுபடி போடும்போது எங்கள் சோதனைப் பதிப்பு, புதுசு வந்திருக்கிறதா என்று தானாகவே கேட்கும். அதற்குள் சரியான ஒன்றைப் பண்ணி அனுப்ப வேண்டும். மணி பதினொன்றரை.

திரும்பிப் பார்த்தால் மேனேஜர் மேடம் சுவர்த் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தார். “ரிலீஸ் அன்னைக்குச் சிவப்பு எங்கிருந்து வந்துச்சு?”

அப்புறம் சார் என்னைக் கைகாட்டினார். நான் கார்டையும் காலியான பூவையும் காட்டினேன். அக்கா கதையையும் சொன்னேன். நீட்டி முழக்கவில்லை.

“உங்க அக்கா ஒருத்தருக்காக ரிலீஸை நிறுத்தணுமா?” என்றார் மேடம்.

“நிறுத்தச் சொல்லல மேடம். அவங்களுக்கு இப்பவே ஒண்ணு அனுப்பணும்னு சொல்றேன். சாயங்காலம் இதையே எல்லாருக்கும் அனுப்புவீங்க இல்ல? அவங்க வீட்டுப் போட்டோ கார்டெல்லாம் இதே ஜாதிதான். உங்க கேமரா கார்டும்.”

மேடத்தின் கை தன்னையறியாமல் கைப்பையை அணைத்துக்கொண்டது. அப்புறத்தைப் பார்த்தார். “சாப்பாட்டுக்குள்ள முடியுமா?”

‘அப்புறம்’ என்று சொல்ல வழியில்லாத இடத்தில் அவரை நான் பார்த்தது அன்றுதான். “பாக்கறேன்,” என்றார்.

கெட்டிக்காரர் என்றேனே, சீக்கிரமே முடித்துவிட்டார். கார்டு எண் தராவிட்டால் நாமே ஒன்று உண்டாக்கிவிடலாம். ஃபைலின் பெயரை அரைத்து அதிலிருந்து ஓர் எண் பிழியலாம். பெயர் அதேதான் என்றால் எண்ணும் அதேதான். மறக்கவே மறக்காது. சோதனையை ஓட்டினேன். பச்சை. பூவைத் திறந்து சேவ் செய்தேன். பூ பிழைத்தது.

“எப்படி?” என்று கைகளைத் தட்டிக்கொண்டார்.

நான் அதே பூவை அதன் இன்னொரு பெயரில் திறந்தேன். இந்த வகைக் கார்டில் ஒவ்வொரு ஃபைலுக்கும் நீளப் பெயர் ஒன்று, பழைய காலத்துக் குட்டிப் பெயர் ஒன்று. வீட்டுப் பேர், பள்ளிக்கூடப் பேர் மாதிரி. எம்பிராய்டரி புரோகிராம் நீளப் பெயரில் படித்து, மெஷினுக்குப் புரியும் என்று குட்டிப் பெயரில் எழுதும். பெயர் வேறு, பிழிந்த எண் வேறு, மறுபடி ‘இது வேற ஃபைல்’. பூ காலி.

“யாரும்மா இப்படியெல்லாம் பண்ணுவாங்க?”

“எங்க அக்கா.”

“பெயரை விட்டுட்டு, ஃபைல் கார்டுல எந்த இடத்துல உக்காந்திருக்கோ அதை எண்ணா வெச்சா?”

“புதுசா ஆரம்பிச்ச காலி ஃபைலுக்கு இடமே இருக்காதே சார்.”

“அப்ப நீளத்தையும் தேதியையும் சேர்த்து...”

“ரெண்டு ஃபைல் ஒரே நீளம், ஒரே தேதியில இருந்தா?”

“உனக்கு என்னதான்மா வேணும்?” அவர் குரல் உயர்ந்தது. ஆபீஸ் முழுக்கத் தட்டச்சுச் சத்தம் நின்றது. “அந்தக் கார்டுல எண் இல்ல. இல்லாததை நான் எங்கிருந்து கொண்டு வர்றது?”

“அப்ப எதுக்கு சார் எண் குடுக்கறீங்க?” நானும் கத்தினேன். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! வாய்க்கு வந்ததைச் சொல்லி நம்ப வெச்சு, கடைசியில அவங்க கையாலயே அவங்க ஃபைலை அழிக்க வெக்கறீங்க!”

நான் அடுத்த சண்டைக்குத் தயாராக மூச்சை இழுத்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தார்.

“சொல்லலாம்,” என்றார்.

“எதை?”

“தெரியலன்னு. அந்தப் புரோகிராமோட சொந்த வீட்லயே அதுக்கு ஒரு பதில் உண்டு. ‘இந்த டிஸ்க்குல எண்ணை நம்பாதே’ன்னு. அதைச் சொன்னா புரோகிராம் வேற வழியில போகும். பழசைத் தொடாம பக்கத்துலயே புதுசா ஒண்ணு எழுதும், முழுசா எழுதி முடிச்ச பிறகுதான் பழசை எடுக்கும்.” நாற்காலியை மேஜைக்கு இழுத்தார். “எண் கேட்டா எண் குடுக்கணும்னே உக்காந்திருந்தேன் பாரு. இத்தனை வருஷமா ஒரு தடவை கூடத் தோணல.”

எனக்கும் தோன்றவில்லை. என் சோதனையும் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தது: எண் வேண்டும், மாறாத எண் வேண்டும் என்று பிடிவாதம். அவர் தட்டச்சு செய்ய, நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கேள்வியை மாற்றி எழுதினேன். ஒன்று, மாறாத எண்ணைச் சொல். இல்லையா, தெரியாது என்று சொல். இரண்டும் பாஸ். மாற்றிச் சொன்னால் மட்டும் ஃபெயில். மூன்று தடவைச் சலுகையை அவரே எடுத்துவிட்டார், என்னைப் பார்க்காமல்.

நீளப் பெயர், குட்டிப் பெயர், மறக்கடித்து, கார்டைப் பிடுங்கிச் செருகி என்று எல்லா விதத்திலும் பூவைச் சேவ் செய்து பார்த்தேன். பூ அசையவில்லை. மேடம் பின்னால் நின்று, “அனுப்புங்க” என்றார். சோதனைப் பதிப்பு போனபோது பட்டறையில் சாப்பாட்டு டப்பாக்களை மூடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கம்ப்யூட்டர் அதை இழுத்துக்கொண்டதா இல்லையா என்று இங்கிருந்து பார்க்க முடியாது. ரிலீஸை மேடம் மறுநாளுக்குத் தள்ளிவிட்டார். அப்புறம் சார் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். குடிக்கவே முடியவில்லை. ஆறி, மேலே ஆடை படிந்தது.

அக்கா கூப்பிட்டபோது வெயில் இறங்கியிருந்தது. மாடிப்படிக்கு ஓடினேன்.

“ஏண்டி, ஆக்டோபஸுக்கு எத்தனை கை?” என்றாள். எடுத்ததும் கேள்வி இதுதான்.

“எட்டு. ஏன்?”

“எட்டாம்! நான் ஏழு போட்டு வெச்சிருக்கேன். எத்தனை தடவை உன்கிட்ட காட்டினேன், நல்லா இருக்குக்கா, நல்லா இருக்குக்கான்ன. எண்ணிப் பாக்க மாட்டியா? முதலாளி விரலை வெச்சு எண்ணறாரு. ‘ஒண்ணு குறையுதே, யாராவது தின்னுட்டாங்களா?’ங்கறாரு.”

“அப்புறம்?”

“அங்கேயே உக்காந்து ஒரு கை போட்டேன். அவர் மூச்சு என் கழுத்துல படுது. சேவ் அழுத்தினா அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கு. முன்னெல்லாம் டக்குன்னு ஆயிடும், இன்னைக்குன்னு பாத்து. எனக்கு வேர்த்துக் கொட்டுது.”

“ஆச்சா?”

“ஆச்சு. கார்டை எடுத்து மெஷின்ல போட்டு ஒண்ணு தெச்சுக்கூடப் பாத்துட்டோம். எட்டுக் கையும் இருக்கு. அந்த எட்டாவதுதான் கொஞ்சம் குண்டு.”

சுற்றியது புதுசாக ஒன்றை எழுதத்தான்; நாங்கள் அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது. “உன்கிட்ட ஒரு ஆள் வந்து ஏதாவது சொன்னாரா? சேவ் பண்ணாதேன்னு?”

“யாரும் வரலையே. என்ன உளறுற? கேளு. முதலாளி நாலு படத்தையும் எடுத்துக்கிட்டாரு. திங்கள்லேர்ந்து மதியத்துக்கு மேல நான் கம்ப்யூட்டர்ல. காலையில வழக்கம்போல நூல்.”

“அரை நாளா?” மாடிப்படி எதிரொலித்தது. “போனவருக்கு முழு நாள் நாற்காலி குடுத்தாரு இல்ல? உனக்கு மட்டும் என்ன அரை நாள்? முதலாளி நம்பரைக் குடு, நான் பேசறேன்.”

“நீ ஒண்ணும் பேச வேண்டாம் தாயே. அரை நாள் உக்கார இடம் குடுத்திருக்காரு. மீதியை நான் எடுத்துக்கறேன்.”

பின்னால் யாரோ ஒருவர், டீ நேரம் முடிந்தது, போனை டப்பாவில் போடு என்று அதட்டுவது கேட்டது. மென்றுகொண்டே பேசும் குரல்.

“இருங்கண்ணே, பேசிட்டுத்தானே இருக்கேன்,” என்று அக்கா திருப்பி அதட்டினாள். அந்தப் பட்டறையில் அவள் ஒருவரை அதட்டி நான் கேட்டதே இல்லை. அந்த ஆளும் கேட்டதில்லை போலிருக்கிறது. மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது.

“ம், சொல்லுடி,” என்றாள் அக்கா, சாவகாசமாக.